மஞ்சள் கதவு நிறுத்தம்

பிப்ரவரி 3

அன்புள்ள வாண்டுக்கு,

ஆண்டவர் உன்னோடு இருப்பாராக. இந்த முதல் வரியைப் படித்ததும் மூக்கைச் சுருக்குவாய் என்று தெரியும். சுருக்கிக்கொள், ஆனால் மேலே படி.

போனிலேயே பேசலாம் என்றுதான் உன் அண்ணன் சொன்னார். ஏழு தடவை அடித்தேன். ஆறு தடவை நீ எடுக்கவில்லை. ஏழாவது தடவை எடுத்து, "நீங்க பேசினது போதும் அண்ணி" என்று வைத்துவிட்டாய். போனை வைப்பது சுலபம். கடிதத்தைக் கிழிப்பதற்குள் கண் இரண்டு வரியாவது படித்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நீ வேலை மாற்றிக்கொண்டு அந்த ஊருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அந்தச் சைக்கிள்காரன் உன் பஸ்ஸுக்குக் குறுக்கே வந்ததும், நீ பிரேக் போட்டதும், வண்டிக்குள் ஒரு பெரியவர் விழுந்து இடுப்பு உடைந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்கு மூன்று வாரம் கழித்து நீ அடுப்படியில் வந்து நின்று என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாய். "அண்ணி, ஒவ்வொரு நிறுத்தத்துலயும் கதவை மூடினதும் கால் பிரேக்கை விட்டு எழ மாட்டேங்குது. யாராவது நின்னுட்டு இருக்காங்களோன்னு கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருக்கேன்." நான் அந்த வாரம் பெண்கள் ஜெபக் கூட்டத்தில் எழுந்து, "என் நாத்தனாருக்கு வண்டி ஓட்ட பயமா இருக்கு, அவளுக்காக ஜெபிச்சுக்குங்க" என்றேன். அவ்வளவுதான்.

உங்கள் டிப்போ மேலாளரின் மனைவி அந்த வட்டத்தில் இருந்தது எனக்குத் தெரியாதா என்று அன்றைக்குக் கத்தினாய். தெரியும். ஆனால் அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கண்ணை மூடியவருக்குக் காது திறந்தே இருக்கும் என்பது எனக்குத் தோன்றவில்லை. இரண்டே நாளில் உன்னை வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்றும் தோன்றவில்லை. நான் ஜெபிக்கத்தான் சொன்னேன், ஊரில் தமுக்கடிக்கச் சொல்லவில்லை.

இப்போதெல்லாம் வேறொருவர் ஓட்டும் ஆறு பத்து வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நல்ல மனிதர், ஆனால் சந்தைத் திருப்பத்தில் இரண்டு தடவை பின்னால் எடுத்துத்தான் திரும்புகிறார். நீ ஒரே வீச்சில் திருப்புவாய். ஐந்தடிகூட இல்லாத உடம்பு அந்தப் பெரிய வண்டியை வளைப்பதைப் பார்த்து, பேசிக்கொண்டிருந்த ஆண்கள்கூட வாயை மூடுவார்கள். உன் பின்சீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை பெருமைப்பட்டிருக்கிறேன் என்று உன்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். திரும்ப ஓட்டும் தேர்வு உனக்கு வைப்பார்கள் என்று அண்ணன் சொன்னார். தேறினால் உனக்கு எந்தத் தடம் கிடைக்குமோ, அதன் நிறுத்தங்களை நேரத்தோடு எழுதி அனுப்பு. எதற்கு என்று உனக்கே தெரியும்.

அண்ணி

•

பிப்ரவரி 11

அண்ணிக்கு,

கிழிக்கவில்லை. கிழித்திருக்க வேண்டும்.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அது இதுதான். நான் அடுப்படியில் சொன்னது உங்களிடம். உங்கள் கூட்டத்திடம் இல்லை, உங்கள் ஆண்டவரிடமும் இல்லை. நான் வாயைத் திறந்து முழுசாகச் சொன்ன ஒரே ஆள் நீங்கள். அதைக் கொண்டுபோய்ப் பன்னிரண்டு பெண்களுக்கு நடுவில் வைத்துவிட்டு, அதற்கு ஜெபக் குறிப்பு என்று பெயரும் வைத்தீர்கள். பக்கத்து வீட்டுக்காரி சொன்னால் வம்பு, நீங்கள் சொன்னால் ஜெபமா?

மேலாளர் என்னைக் கூப்பிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "கவலைப்படாதீங்கம்மா, எங்க வீட்டுலயும் உங்களுக்காக ஜெபம் பண்றோம்." சொல்லிவிட்டு வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார். அன்றையிலிருந்து எனக்கு ஜெபம் என்ற வார்த்தையைக் கேட்டாலே பல் கூசுகிறது. நான் ஜெபிப்பதை நிறுத்தி ஐந்து மாதம் ஆகிறது. வானம் இடிந்து விழவில்லை.

என் பின்சீட்டில் உட்கார்ந்து நீங்கள் முணுமுணுப்பீர்களே, "எல்லாரும் உட்கார்ந்தாச்சு ஆண்டவரே, இனி நீர் பார்த்துக்கொள்ளும்" என்று, பாதி பேச்சுத்தமிழும் பாதி வேதத்தமிழுமாக. அப்போதே கேட்க நினைத்தேன், ஓட்டுவது நானா அவரா என்று. பெரியவர் விழுந்த அன்று நீங்கள் வண்டியில் இல்லை. அதை யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

இங்கே பணிமனையில் உதிரிபாகக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். பிரேக் லைனிங், விளக்கு, திருகு என்று யாராவது சீட்டு நீட்டினால் எடுத்துக் கொடுக்க வேண்டும். தேர்வு ஒன்று முடிந்தும் போயிற்று. ஜனவரியில். முதல் நிறுத்தத்திலேயே கால் எழவில்லை. தேர்வாளர் மூன்று நிமிடம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். ஏப்ரல் 21 அன்று இரண்டாவது தேர்வு. அதுதான் கடைசி. அதிலும் தவறினால் ஓட்டுநர் வேலையை விட்டு நிரந்தரமாகக் கவுண்டருக்கு எழுதிவிடுவார்கள். பதினோரு வருடம் வண்டி ஓட்டினவள் ஜன்னல் வழியாகத் திருகு நீட்டிக்கொண்டிருப்பேன்.

கேட்ட பட்டியலைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். திருப்திதானே?

வாண்டு

•

பிப்ரவரி 20

அன்புள்ள வாண்டுக்கு,

நீ திட்டினதையெல்லாம் இரண்டு தடவை படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் என் பக்க நியாயமாகவே வருகிறது, அதனால் இப்போதைக்கு எழுதவில்லை. ஆனால் பட்டியல் அனுப்பினாயே, அதற்கு நன்றி. கோபத்திலும் கேட்டதைச் செய்தாய். உன் அண்ணன் சந்தோஷமாக இருக்கும்போதுகூடக் கேட்டதைச் செய்ய மாட்டார்.

நான் இருக்கும் கிருமிநீக்க அறை உனக்குத் தெரியும். கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவித் துணியில் கட்டி, வாயில் ஒரு டேப் ஒட்டி, நீராவி இயந்திரத்துக்குள் அடுக்குவோம். சூடு சரியாக ஏறினால்தான் டேப்பில் இருக்கும் வெளிறின கோடு கருக்கும். கருக்கும்வரை கதவைத் திறக்கக் கூடாது. உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கவும் முடியாது. முக்கால் மணி நேரம் நின்றபடி காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அப்போது போனைப் பார்ப்பார்கள். எனக்கு அதுதான் ஜெப அறை.

உன் பட்டியலை இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டேன். ஏழு ஐம்பதுக்கு "ஓடாத கடிகாரம்". அங்கே காத்திருக்கிறவர்களுக்குப் பொறுமை கேட்கிறேன். ஏழு ஐம்பத்தாறுக்கு "மூக்குக்கண்ணாடிக் கடை". கண் மங்கினவர்கள் படியில் தடுக்காமல் ஏறட்டும் என்று. எட்டு மூன்றுக்கு "இரட்டைப் படிக்கட்டு". மூட்டுவலிக்காரர்களுக்காக. எட்டு ஒன்பதுக்கு "பியானோ பழுது பார்ப்பவர் வீடு". என்ன அருமையான ஊர், பியானோ பழுது பார்ப்பவர் பேரில் ஒரு நிறுத்தமே இருக்கிறது. அங்கே மட்டும் நானும் ஒரு பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொள்கிறேன்.

எட்டே காலுக்கு "மஞ்சள் கதவு" என்று போட்டிருக்கிறாய். அங்கேதான் தடுமாறுகிறேன். அது வீடா, கடையா? யார் ஏறுவார்கள்? ஆள் தெரிந்தால் நன்றாக இருக்கும். நேரம் கிடைத்தால் எழுது.

நீ கேட்டாயே, பெரியவர் விழுந்த அன்று நான் வண்டியில் இல்லை என்று. எனக்கு அன்றைக்கு விடுப்பு. அதை நான் யோசிக்காத நாள் இல்லை.

அண்ணி

•

மார்ச் 1

அண்ணிக்கு,

மஞ்சள் கதவு ஒரு வீடு. அங்கே ஒரு பெண் ஏறுவாள். தினமும் தாமதம். ஒரு கையில் அறுந்த செருப்பு, மறு கையில் சாப்பாட்டுப் பை. ஓட்டமாக ஓடி வருவாள். போதுமா?

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். சண்டைக்கு இல்லை, நிஜமாகவே கேட்கிறேன். அந்த இயந்திரத்துக்கு முன்னால் நின்று இத்தனை வருடமாகப் பேசுகிறீர்களே, அந்தப் பக்கத்திலிருந்து ஏதாவது கேட்கிறதா? எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒன்றும் கேட்டதில்லை. கூட்டத்தில் எல்லாரும் "ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்லும்போது, எனக்கு மட்டும்தான் லைன் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நீங்கள் சாட்சி சொல்லி நான் கேட்டதே இல்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இங்கே ஒரு மெக்கானிக் இருக்கிறார், எல்லாரும் அவரை நட்டு என்று கூப்பிடுவார்கள். தினமும் சீட்டு நீட்டும்போது, "எப்பம்மா நீ இந்தப் பக்கம் வந்து வண்டியில ஏறப்போற?" என்பார். சூடு கண்ட பூனை அண்ணா என்பேன். "பூனைக்கு லைசென்ஸ் கிடையாது, உனக்கு இருக்கு" என்பார். அவர் ஒருவர்தான் இங்கே பேச்சுத்துணை.

வாண்டு

•

மார்ச் 12

அன்புள்ள வாண்டுக்கு,

கேட்கிறதா என்று கேட்டாய். உண்மையைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. சொல்லாதே என்று உன்னிடம் கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று இதை எழுதும்போதே தோன்றுகிறது.

ஒன்றும் கேட்பதில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒரு குரலும் கேட்டதில்லை. பல நாள் வாய்தான் பேசும், மனசு மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருக்கும். சில நாள் நீராவிச் சத்தத்தில் அப்படியே தூங்கியும் விடுவேன். அதனால்தான் நான் சாட்சி சொல்ல எழுந்ததில்லை, சொல்ல என்னிடம் கதை இல்லை.

ஆனால் ஒன்று உண்டு. போன வாரம் ஒரு சுற்று முடித்துக் கதவைத் திறந்தால், பதினெட்டுப் பொட்டலத்தில் ஒன்றில் கோடு பாதிதான் கருத்திருந்தது. வேலை முடியும் நேரம். பக்கத்தில் யாரும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் கேட்பாரில்லை. பதினெட்டையும் பிரித்து, மறுபடி துணி மாற்றிக் கட்டி, மறுபடி ஏற்றினேன். வீட்டுக்கு வர இரண்டரை மணி நேரம் தாமதம், உன் அண்ணன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். இது நேர்மை என்றெல்லாம் நினைக்காதே. நான் அத்தனை நல்லவள் இல்லை. அங்கே நின்று தினமும் பேசிக்கொண்டிருப்பதால், பார்க்கிறவர் ஒருவர் அந்த அறையில் இருக்கிறார் என்பது எனக்குப் பழகிவிட்டது. கூடவே ஒருவர் இருக்கும்போது சுலபமான தப்பைச் செய்யக் கூச்சமாக இருக்கிறது, கஷ்டமான வேலையைச் செய்யத் தெம்பாக இருக்கிறது. எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். இது போதும் என்று இருக்கிறேன்.

மஞ்சள் கதவுப் பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. எட்டே கால் எப்போது வரும் என்று பார்க்கிறேன். இன்றைக்கு அவளுக்கு வண்டி கிடைக்க வேண்டும், ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து நிற்க வேண்டும், யாரும் அவளைத் திட்டக் கூடாது என்று கேட்கிறேன். இவள் வயது என்ன, வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள், ஏன் ஒரு நல்ல செருப்பு வாங்க நேரமில்லை என்றெல்லாம் நானே யோசிக்கிறேன். நேற்று கடைத்தெருவில் செருப்புக் கடையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். பைத்தியம் என்று சொல்வாய்.

இன்னொரு விஷயம். ஒருவரைப் பற்றி எனக்கு ஒரு செய்தி தெரியும். அது உன்னையும் சேர்ந்தது. அதை உனக்குச் சொல்லலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன், சொல்லலாம் என்றார். நீ கேட்க விரும்புகிறாயா என்று இப்போது உன்னிடம் கேட்கிறேன். வேண்டாம் என்றால் என்னோடு இருக்கட்டும்.

அண்ணி

•

மார்ச் 24

அண்ணி,

பத்து நாளாகக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பட்டியல் பொய்.

ஓடாத கடிகாரம் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடை கிடையாது. பியானோ பழுது பார்ப்பவர் இந்த ஊரில் யாரும் இல்லை, பியானோவே இருக்கிறதா என்று சந்தேகம். கவுண்டரில் உட்கார்ந்து, உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில், அரை மணி நேரத்தில் கற்பனையாக எழுதினேன். நீங்கள் சுவரில் ஒட்டிவைத்து, இல்லாத நிறுத்தத்துக்கெல்லாம் உருகி உருகி ஜெபிப்பதை நினைத்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். மஞ்சள் கதவுப் பெண்ணும் இல்லை. நீங்கள் கேட்டபோது அந்த நிமிடத்தில் அவளைச் செய்தேன்.

சிரிப்பு வரவில்லை. நீங்கள் செருப்புக் கடை முன்னால் நின்றதைப் படித்ததும் கவுண்டர் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு அழுதேன். நட்டு அண்ணன் வெளியிலிருந்து தட்டி, "திருகு தீர்ந்துபோச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அண்ணன் நேற்று போனில் ஒன்று சொன்னான். போன மாதக் கூட்டத்தில் நீங்கள் எழுந்து நின்று, "என் நாத்தனார் என்கிட்ட மட்டும் சொன்னதை நான் இங்க சொன்னேன். ஆண்டவர் காதுல மட்டும் போட வேண்டியதை உங்க எல்லார் காதுலயும் போட்டுட்டேன். நான் செஞ்சது ஜெபம் இல்ல, வம்பு. அதனால அவ வேலை போச்சு" என்று சொன்னீர்களாம். மேலாளர் மனைவி எழுந்து வந்து உங்கள் பக்கத்தில் நின்று, "வீட்டுல போய்ச் சொன்னது நான்தான்" என்று அழுதாராம். இத்தனையும் செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதவில்லை. செருப்பைப் பற்றி அரைப் பக்கம் எழுதினீர்கள்.

எனக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் பத்தொன்பது வருடம் பதில் வராத இடத்தில் நின்று பேசுகிற ஒருத்தியை, அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து தான் செய்தது தப்பு என்று சொல்கிற ஒருத்தியை, நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

செய்தியைச் சொல்லுங்கள். உண்மையான தடத்தின் பட்டியலை இதோடு வைத்திருக்கிறேன். இதில் அழகான பெயர் ஒன்றும் இல்லை. வங்கி, பள்ளிக்கூடம், பல் ஆஸ்பத்திரி, இப்படித்தான் இருக்கும்.

உங்கள் வாண்டு

•

ஏப்ரல் 2

என் வாண்டுக்கு,

உன் கடிதத்தை இயந்திர அறையில் நின்று படித்தேன். முதலில் முகம் சூடாகிவிட்டது. அப்புறம் பியானோ என்ற வார்த்தை வந்தது. ஐந்து வாரமாக அந்த மனிதருக்காக நான் பாட்டு வேறு பாடியிருக்கிறேன். தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தேன். பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

இல்லாத நிறுத்தத்துக்குப் போன ஜெபம் எங்கே போயிருக்கும் என்று நீ கவலைப்படாதே. நான் எழுதின விலாசம்தான் தப்பு. வாங்கினவருக்கு ஊரெல்லாம் தெரியும், எங்கே சேர்க்க வேண்டுமோ அங்கே சேர்ப்பார். உன் இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். மஞ்சள் கதவைக் கைவிட எனக்கு மனசில்லை. அவளுக்கு இப்போதும் எட்டே காலுக்குத்தான்.

நான் இன்னும் உன்னிடம் நேராகச் சொல்லவில்லை. என்னை மன்னித்துவிடு. நீ சொன்னது உன்னுடையது. அதை எடுத்துக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. கூட்டத்தில் சொன்னது எளிது, அங்கே எல்லாரும் தட்டிக்கொடுத்தார்கள். உனக்கு எழுதத்தான் இரண்டு மாதமாகக் கை வரவில்லை.

இப்போது செய்தி. விழுந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். விழுந்து இரண்டு நாள் கழித்து அவருக்கு அறுவை நடந்தது எங்கள் ஆஸ்பத்திரியில். அன்றைக்கு அறுவை அறைக்குப் போன பொட்டலங்களைக் கட்டிக் கையெழுத்துப் போட்டது நான். யாருக்கு என்று அப்போது தெரியாது, மறுநாள் தெரிந்தது. இப்போது நடைப்பயிற்சிக்கு வாரம் இரண்டு முறை வருகிறார். சக்கரம் வைத்த கம்பியைப் பிடித்துக்கொண்டு வராந்தா முழுக்க நடப்பார், நடக்கும்போதே சுவரில் இருக்கும் அறிவிப்புகளில் உள்ள தப்பையெல்லாம் திருத்துவார். ஒருநாள் நான் போய் ஓட்டுநரின் அண்ணி என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணு போட்ட பிரேக்குக்கு பத்துக்கு ஏழு போடுவேன்" என்றார்.

"மூணு எதுக்குங்க சார் குறைச்சீங்க?"

"என் இடுப்புக்கு. அதை விட முடியுமா? ஆனா அந்தச் சைக்கிள்காரன் உயிரோட இருக்கான் பாரு, அதுக்கு ஏழு. ஏழு வாங்கினவ பெயில் ஆனவ இல்லன்னு போய்ச் சொல்லு."

சொல்லிவிட்டேன். அவருக்கு உன் மேல் கோபம் இல்லாமல் இல்லை, மழை வந்தால் வலிக்கிறதாம். இரண்டும் இருக்கிறது அவரிடம். உன்னிடமும் இரண்டும் இருக்கிறது. என்னிடமும்தான்.

21ஆம் தேதி எனக்குக் காலை வேலை.

அண்ணி

•

ஏப்ரல் 22

அண்ணி,

நேற்று முடிந்ததும் போன் பண்ணினேன், தேறிவிட்டேன் என்று சொன்னேன், இரண்டு பேரும் அழுதோம், ஒரு வார்த்தையும் உருப்படியாகப் பேசவில்லை. அதனால் எழுதுகிறேன். போனைவிட இதுதான் நமக்குச் சரிப்படுகிறது.

பயணிகளுக்குப் பதிலாகப் பணிமனை ஆட்களை ஏற்றினார்கள். நட்டு அண்ணன் லீவு போட்டுவிட்டு வந்து முதல் சீட்டில் உட்கார்ந்தார். தேர்வாளர் ஜனவரியில் வந்த அதே ஆள், அதே பேனா. முதல் நிறுத்தம், இரண்டாவது நிறுத்தம் போய்விட்டது. வேகமாகப் போனேன், யோசிக்க நேரம் கொடுக்கவில்லை. மூன்றாவது நிறுத்தத்தில் கதவை மூடினேன். கால் எழவில்லை.

கண்ணாடியைப் பார்த்தேன். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மறுபடி பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தார்கள். தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருந்த கடிகாரம் எட்டு மூன்று காட்டியது. பொய்ப் பட்டியலில் எட்டு மூன்று இரட்டைப் படிக்கட்டு. இந்த நிமிடம் நீங்கள் மூட்டுவலிக்காரர்களுக்காக நின்றுகொண்டிருப்பீர்கள் என்று நினைவு வந்தது. அப்புறம் என் வாயிலிருந்து சத்தமாகவே வந்துவிட்டது. "எல்லாரும் உட்கார்ந்தாச்சு ஆண்டவரே, இனி நீர் பார்த்துக்கொள்ளும்."

குரல் எதுவும் கேட்கவில்லை அண்ணி. பயமும் போகவில்லை. ஆனால் நீங்கள் எழுதினீர்களே, அந்த அறையில் ஒருவர் இருக்கிறார் என்று. பின்சீட்டில் யாரோ இருப்பது போல இருந்தது. கால் எழுந்தது. பயத்தோடுதான் வண்டி போனது. நாலாவது நிறுத்தத்திலும் சொன்னேன், ஐந்தாவதிலும் சொன்னேன், கடைசிவரை சொன்னேன்.

இறங்கும்போது தேர்வாளர், "ஒவ்வொரு ஸ்டாப்லயும் என்னம்மா சொல்லிக்கிட்டு இருந்தீங்க?" என்றார். எல்லாரும் உட்கார்ந்தாச்சான்னு பாத்தேன் சார் என்றேன். அவர் படிவத்தில், "பயணிகள் அமர்ந்ததை வாய்விட்டு உறுதி செய்கிறார்" என்று எழுதி, அதற்குத் தனியாக மதிப்பெண் போட்டார். நான் சொன்னதில் பாதியை மறைத்தேன். அதற்கும் மன்னிப்புக் கேட்டாயிற்று, மேலே.

வாத்தியாருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். இதோடு இருக்கிறது, கையில் கொடுங்கள். பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள்.

வாண்டு

•

மே 14

அண்ணி,

இன்றைக்குத் தடத்தில் பதினைந்தாவது நாள். இதை முடிக்காமல் சாப்பிட உட்கார முடியாது போலிருக்கிறது, அதனால் ஓய்வறையிலேயே எழுதுகிறேன்.

பல் ஆஸ்பத்திரி நிறுத்தம். உண்மையான பட்டியலில் ஐந்தாவது. எட்டு பன்னிரண்டுக்கு வர வேண்டும், மூன்று நிமிடம் தாமதம். ஏறுகிறவர்கள் ஏறிவிட்டார்கள், கதவை மூடப்போனேன். கண்ணாடியில் தூரத்தில் ஒரு பெண் ஓடி வருவது தெரிந்தது. ஓட்டம் கோணலாக இருந்தது. கிட்டே வந்ததும்தான் பார்த்தேன், ஒரு காலில் செருப்பு இல்லை. அது கையில் இருந்தது. வார் அறுந்து தொங்கியது.

பின்னால் ஒருவர், "ஏம்மா, ஏற்கனவே லேட்டு, எடும்மா" என்றார். "ஒரு நிமிஷம் சார், ஆள் வருது" என்றேன். காலைப் பிரேக்கில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். எட்டு மாதமாக என்னைப் பிடித்துவைத்த அதே கால், அதே பிரேக். இன்றைக்கு அவளுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஏறினாள். மூச்சு வாங்கியது. "ரொம்ப தாங்க்ஸ்க்கா, லேட்டா வந்தா எல்லாரும் விட்டுட்டுப் போயிடுவாங்க" என்றாள். உட்காரும்மா என்றேன். அவள் உட்கார்ந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். பாதியைத்தான் வாய்விட்டுச் சொன்னேன். மிச்சத்தை மனசுக்குள் சொல்லி முடித்து வண்டியை எடுத்தேன்.

இனி உங்களிடம் பொய் வேண்டாம், அதனால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். கையில் சாப்பாட்டுப் பை இல்லை. எதிரே இருக்கும் வீட்டுக் கதவு பச்சை. அறுந்த செருப்போடு ஓடுகிற பெண் எந்த ஊரிலும் இருப்பாள், அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் மணி எட்டே கால். நீங்கள் அவளுக்காக நின்றுகொண்டிருந்தீர்கள், நான் அவளுக்காக நின்றுகொண்டிருந்தேன்.

நாளைக்கு அவள் ஏறினால் பெயர் கேட்டு எழுதட்டுமா?

உங்கள் வாண்டு

•

மே 20

என் வாண்டுக்கு,

கடிதத்தை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டேன். சிவப்பு மையில் இரண்டு திருத்தம் போட்டுக் கடைசியில் எட்டு என்று எழுதியிருக்கிறார். ஒன்று கூடியிருக்கிறது. இதோடு வருகிறது.

அந்தப் பெண்ணின் பெயரை எனக்கு எழுதாதே. அவளாக உன்னிடம் சொன்னால் அது உன்னோடு இருக்கட்டும். எட்டே காலுக்கு என் சுவரில் அவளுக்கு ஏற்கனவே ஒரு இடம் இருக்கிறது, பெயர் தெரிய வேண்டியவருக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் செய். நாளைக்கு அவள் வரக் கொஞ்சம் தாமதமானாலும் நில்.

அண்ணி